கூதிர்காலத்துக்கு என்ன பூ?

ஆயுத பூசைக்கு ஊருக்கு வந்திருந்தேன். குன்றக்குடி மலையடிவாரத்தில் பூ வாங்கப் போனால், கூடை கூடையாய் மஞ்சளும் ஆரஞ்சுமாய் செண்டுப்பூ. "அந்தக் காலத்திலேயும் இதத்தான் வச்சுக் கும்பிட்டாங்களாப்பா?" என்று மகள் கேட்டாள். "ஆமா"ன்னு சொல்ல வாயெடுத்தேன், சந்தேகம் வந்து நிறுத்திக்கிட்டேன். அதற்குப் பிறகு தேடிப் படித்ததன் குறிப்புதான் இது.

செண்டுப்பூ, அதாவது துலுக்கச் சாமந்தி, மெக்சிகோ பக்கத்துச் செடி. 1492-க்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்கள் அமெரிக்காவுக்குப் போய்வரத் தொடங்கிய பின்தான் அது கடல் தாண்டியது. பெயர்களைப் பாருங்க: நாம் 'துலுக்க' என்றோம், ஆங்கிலேயர் 'ஆப்பிரிக்க' என்றார்கள், பிரெஞ்சுக்காரர் 'இந்திய ரோஜா' என்றார்கள். வெளியூர்ப் பூ என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கு. முகவரிதான் ஆளாளுக்கு ஒன்று! மெக்சிகோவில் இன்றும் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோரை நினைத்து இதே பூவைத்தான் குவிக்கிறார்கள்.

சாமந்தி சீனத்தின் இலையுதிர்கால மலர். இரவு நீள ஆரம்பித்தால் மொட்டு விடும். நம்ம பாஷையில் சொன்னா, செடிக்குள்ளே ஒரு 'இஃப் கண்டிஷன்'. பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை 1920-ல் கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

அப்போ இந்தப் பருவத்துக்கு நம்ம மண்ணின் பூ எது? ஐப்பசியும் கார்த்திகையும் பழந்தமிழில் கூதிர்காலம். நக்கீரரின் நெடுநல்வாடையில் அப்போது புதர்தோறும் பூப்பவை வெள்ளை முசுண்டையும் மஞ்சள் பீர்க்கும். ஆமாம், நாம் கூட்டு வைக்கிற அதே பீர்க்குதான். மலைப்பக்கம் போனால் செங்காந்தள்: முருகனுக்கு உரிய பூ, இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் வைப்பது காந்தளைத்தான். அழகுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கிழங்கில் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் கவனம் வேணும்.

நெடுநல்வாடையில் என்னை நிறுத்திய இடம் வேறு. அடைமழை, சூரியனே தெரியவில்லை. பெண்கள் பூந்தட்டில் பித்திகை மொட்டுகளை இட்டு வைக்கிறார்கள். அவை விரிந்து மணக்கும்போது மாலை வந்துவிட்டது என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். அலங்காரத் தட்டே கடிகாரம்!

இந்த வருஷமும் சாமி படத்துக்குச் செண்டுப்பூ மாலைதான் போட்டோம். விருந்தாளியாய் வந்த பூ வீட்டு ஆளாகி ரொம்ப நாளாச்சு, அதை ஒதுக்க மனசு வரல. கூடவே ஒரு தட்டில் பிச்சி மொட்டு வைத்தோம். வெளியே மழை, கரண்டும் இல்லை. மகள் தட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "அப்பா, வாசம் வருது" என்றாள். அம்மா எழுந்து போய் விளக்கேற்றினார்.