அடையாளத் திருட்டு வழக்குகள்: தமிழகக் குற்றவியல் நடுவர் நீதிமன்ற நடைமுறை

பிறருடைய மின்னணுக் கையொப்பம், கடவுச்சொல் அல்லது அவருக்கே உரிய வேறு அடையாளக் கூறு ஒன்றை மோசடியாகவோ நேர்மையற்ற எண்ணத்துடனோ பயன்படுத்துவது அடையாளத் திருட்டு. இந்தியாவில் இதைத் தனிக்குற்றமாக்கியது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 66-சி பிரிவு. 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட இப்பிரிவு 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் உள்ளது. மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். குறைந்தபட்சத் தண்டனை வரையறுக்கப்படவில்லை.

உடன் சேரும் பிரிவுகள்

66-சி பெரும்பாலும் தனித்து வருவதில்லை. கணினி அல்லது கைப்பேசி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66-டி சேரும். அதற்கும் அதே அளவு தண்டனைதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, ஆள்மாறாட்ட மோசடிக்கு (பிரிவு 319) ஐந்து ஆண்டுகள் வரையிலும், ஏமாற்றிப் பணமோ சொத்தோ பெறுவதற்கு (பிரிவு 318(4)) ஏழு ஆண்டுகள் வரையிலும் சிறை உண்டு. போலி ஆவணம் தயாரித்திருந்தால் அதற்குரிய பிரிவுகளும் சேர்க்கப்படும். ஆதார் பதிவின்போது செய்யும் ஆள்மாறாட்டத்தை ஆதார் சட்டம், 2016 தனியே தண்டிக்கிறது. அச்சட்டப்படியான குற்றங்களைத் தலைமைக் குற்றவியல் நடுவருக்குக் கீழ்ப்பட்ட நீதிமன்றம் விசாரிக்க முடியாது.

புகாரும் புலன்விசாரணையும்

பணம் பறிபோயிருந்தால் முதல் வேலை 1930 உதவி எண்ணுக்குத் தகவல் தருவது; எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) வங்கிக் கணக்கை முடக்க அதுவே விரைவான வழி. எழுத்துப் புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் தரலாம். எல்லையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. மின்னணு முறையில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையொப்பமிட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். நிலையத்தில் பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளரை அணுகலாம். அங்கும் தீர்வில்லை என்றால் குற்றவியல் நடுவரிடம் மனு செய்யலாம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றத்தைப் புலன்விசாரணை செய்பவர் ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்கிறது 78-ஆம் பிரிவு. சார்பு ஆய்வாளர் விசாரித்திருந்தால் எதிரி தரப்பு வழக்கறிஞர் முதலில் தொடுவது அதைத்தான்.

பிணை

66-சி, 66-டி இரண்டும் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கவை. ஆனால் 77-பி பிரிவின்படி பிணையில் விடத்தக்கவை. 318(4) சேர்ந்துவிட்டால் நிலைமை மாறும்: அது பிணையில் விட முடியாத குற்றம், நடுவர் மனுவைப் பரிசீலித்தே முடிவெடுப்பார். ஏழு ஆண்டு வரையிலான குற்றங்களில் கைது கட்டாயமல்ல. கைது தேவைப்படாதபோது, ஆஜராகும்படி அறிவிப்புத் தர வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் அழுத்தமாகச் சொன்னது.

நடுவர் முன் விசாரணை

வழக்கு முதல் வகுப்புக் குற்றவியல் நடுவர் முன் நடக்கும். குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்பட்டதும் எதிரிக்கு நகல்கள் வழங்கப்படும். போதிய ஆதாரம் இல்லை என்று கருதினால் எதிரி விடுவிப்பு மனு தாக்கல் செய்யலாம். அது தள்ளுபடியானால் நடுவர் குற்றச்சாட்டு வனைவார். பிறகு அரசுத் தரப்புச் சாட்சிகளின் முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, எதிரியிடம் கேள்வி, இருதரப்பு வாதம், தீர்ப்பு என்று போகும்.

முதல் வகுப்பு நடுவர் மூன்று ஆண்டுகள் சிறைக்கும் ஐம்பதாயிரம் ரூபாய் அபராதத்துக்கும் மேல் விதிக்க முடியாது. கூடுதல் தண்டனை தேவை என்று கருதினால் வழக்கைத் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்புவார். தண்டனை பெற்றவர் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

சான்று

இவ்வழக்குகளின் உயிர்நிலை, திரையில் நடந்த செயலை ஒரு குறிப்பிட்ட மனிதரோடு பிணைப்பதுதான். ஐபி முகவரி இணைய இணைப்பைக் காட்டுமே தவிர, விசைப்பலகையில் இருந்த விரலைக் காட்டாது. பிறர் ஆதார் நகலைக் கொடுத்துச் சிம் கார்டு வாங்கி, அதற்கு வரும் ஓடிபியால் பணம் எடுத்த வழக்கை எடுத்துக்கொள்வோம். சிம் விண்ணப்பப் படிவம், அழைப்பு விவரப் பட்டியல், வங்கிக் கணக்கு அறிக்கை, ஏடிஎம் கேமரா பதிவு, மகஜர் (கைப்பற்றல் குறிப்பு) மூலம் கைப்பற்றிய கைப்பேசி ஆகியவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கணக்கை வாடகைக்குக் கொடுத்தவர் மட்டும் சிக்கும்போது, அவருக்கு மோசடி தெரிந்திருந்தது என்பதையும் அரசுத் தரப்பே மெய்ப்பிக்க வேண்டும்.

மின்னணுப் பதிவின் நகல் ஒவ்வொன்றுக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. முதல் பகுதியில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவரும், இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையொப்பமிடுவார்கள். கருவியின் தயாரிப்பு, வரிசை எண் ஆகியவற்றோடு பதிவின் ஹாஷ் மதிப்பும் அதில் எழுதப்படும். பதிவில் ஓர் எழுத்து மாறினாலும் அம்மதிப்பு மாறிவிடும். சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2014-இல் அன்வர் வழக்கிலும் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவின் கீழ் நிலைநிறுத்தியது.

முன்னோடி வழக்கு

66-சி பிறப்பதற்கு முன்பே, 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் இத்தகைய வழக்கொன்றில் தண்டனை வழங்கியது. ஒரு பெண்ணின் பெயரில் போலி மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, இணையக் குழுவில் ஆபாசச் செய்திகள் பதிந்தவர் மீதான வழக்கு அது. இணைய மைய உரிமையாளர்களின் சாட்சியமும் நிபுணர் சாட்சியமும் எதிரியைச் செயலோடு பிணைத்தன.

சமரசமும் இழப்பீடும்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 77-ஏ பிரிவின்படி நீதிமன்றம் 66-சி குற்றத்தில் சமரசத்தை ஏற்கலாம். பெண்ணுக்கு எதிராகவோ 18 வயது நிறையாதவருக்கு எதிராகவோ நடந்திருந்தால் ஏற்க முடியாது. முடக்கப்பட்ட கணக்கில் இருக்கும் பணத்தைத் திரும்பப் பெற, தீர்ப்பு வரை காத்திராமல் நடுவரிடம் மனு செய்யலாம். பெரிய இழப்பீடு கோருவோர் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படியான தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் தனியே போகலாம். ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகள் அவர் எல்லைக்குள் வரும்.

இவ்வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் கைப்பேசியே முதல் சான்று. வந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல், கருவியை மாற்றாமல், அன்றே புகார் தருவது அவர் தம் வழக்குக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.