கற்றல் நகரங்களின் பன்னாட்டு அனுபவப் பகிர்வும் பிரிக்பீல்ட்சும்

கைக்குழந்தை முதல் பணி ஓய்வு பெற்றவர் வரை எல்லாரும் கற்பதற்கு வழிசெய்வதைத் தன் கடமையாக ஏற்றுக்கொண்ட நகரமே கற்றல் நகரம். பள்ளி, பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு வீடு, வேலைத்தலம், அக்கம்பக்கம் ஆகியவற்றையும் அது கல்வி நடக்கும் இடங்களாகக் கணக்கில் கொள்கிறது. இத்தகைய நகரங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்க வேண்டும் என்னும் எண்ணம் 1990இல் பார்சிலோனாவில் கூடிய கல்வி நகரங்களின் முதல் மாநாட்டிலேயே வலுப்பெற்றது. யுனெஸ்கோ 2013இல் பெய்ஜிங்கில் கூட்டிய மாநாட்டை அடுத்துக் கற்றல் நகரங்களின் உலக வலையமைப்பு உருவானது. ஹாம்பர்க்கிலுள்ள யுனெஸ்கோவின் வாழ்நாள் கல்வி நிறுவனம் அதை நடத்தி வருகிறது. 2022இல் வாரங்கல், திருச்சூர், நிலம்பூர் ஆகிய இந்திய ஊர்கள் அதில் சேர்ந்தன. 2024 தொடக்கத்தில் 79 நாடுகளைச் சேர்ந்த 356 நகரங்கள் உறுப்பினராக இருந்தன. மெக்சிகோ நகரம், கார்க், மெடலின், தென்கொரியாவின் யொன்சு என மாநாடும் ஊர் ஊராகச் சென்றிருக்கிறது.

இந்த வலையமைப்பில் உறுப்பினர் என்பது நகர நிர்வாகம். மேயரின் ஒப்புதலோடும் அந்தந்த நாட்டு யுனெஸ்கோ தேசிய ஆணையத்தின் வழியாகவும்தான் ஒரு நகரம் உள்ளே வர முடியும். நகரத்தின் அனுபவம் நகர நிர்வாகத்திடம் இருக்கிறது என்பது இதன் அடியிலுள்ள அனுமானம். அது பாதிதான் சரி. கற்பித்துப் பார்த்த அனுபவம் பெரும்பாலும் சங்கங்களிடமும் ஆசிரமங்களிடமும் பயிற்சி நிலையங்களிடமும் சேர்ந்திருக்கிறது. அவை பேசாத இடத்தில் நகரங்கள் பரிமாறிக்கொள்வது அறிக்கைகளைத்தான். கோலாலம்பூரில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது. அங்கே மாநகர் மன்றத்தின் தலைவரான டத்தோ பண்டாரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. கூட்டரசு அரசாங்கம் நியமிக்கிறது. 2020ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகர் என்ற சிறப்பை யுனெஸ்கோ கோலாலம்பூருக்கு அளித்தது. அந்தச் சிறப்புக்கு நெடுங்காலம் முன்பிருந்தே கல்வி வேலை செய்துவந்த ஒரு வட்டாரம் அதே நகரில் இருக்கிறது.

அந்த வட்டாரமான பிரிக்பீல்ட்ஸ் செங்கற்சூளைகளாலும் ரயில்வே குடியிருப்புகளாலும் வளர்ந்த பகுதி. ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்க்க இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் 1904இல் அங்கே விவேகானந்த ஆசிரமத்தை நிறுவினார்கள். கல்கத்தாவில் பிறந்த ஓர் இயக்கத்தின் எண்ணத்தை மலாயாவின் ரயில் நகருக்குக் கொண்டுவந்தவர்கள் எழுத்தர் வேலை பார்த்த மக்கள். எந்த நகராட்சி உடன்படிக்கையும் அதற்குத் தேவைப்படவில்லை. பிரிக்பீல்ட்சிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் உள்ள விவேகானந்தா தமிழ்ப்பள்ளிகள் அந்த முயற்சியின் கிளைகள். சிங்களச் சமூகத்தினர் 1894இல் அமைத்த பௌத்த சங்கத்திலிருந்து மகா விகாரை எழுந்தது. அங்கு நடக்கும் ஞாயிறு அறநெறிப் பள்ளி 1929 முதல் இயங்குகிறது. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரெயில் வாசிப்பையும் கைக்கோல் பிடித்து நடப்பதையும் தொழிலையும் கற்பித்தது. பார்வையற்றோர் நடத்தும் உடம்புப்பிடி நிலையங்கள் இன்று அவ்வட்டாரத் தெருக்களில் வரிசையாக இருப்பது அந்தப் பயிற்சி பிழைப்பாக மாறியதற்குக் கண்கூடான சான்று. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் ஆசிரமம் வந்த வழிக்கு எதிர்த்திசையில் பயணம் செய்தது. இசை, நடன வகுப்புகளும், வந்தவர் தம்மால் இயன்றதைக் கொடுத்து உண்ணும் அன்னலட்சுமி உணவகமும் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் போயின. நகரங்களுக்கிடையே அனுபவம் மெய்யாகவே இடம்பெயர்ந்ததற்கு இவற்றைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இவையெல்லாம் ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளுக்காகச் செய்துகொண்டவை, இவற்றைச் சேர்த்துக் கட்டி ஒரு கற்றல் நகரம் என்று சொல்ல முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருந்தும் ஒன்றையொன்று அறியாமல் நிறுவனங்கள் காலம் கழிக்கக் கூடும். கைக்கோல் பிடித்து நடக்கச் சங்கம் கற்றுத் தரலாம். நடைபாதையில் தடம் உணரும் ஓடுகளைப் பதிக்கும் அதிகாரம் மாநகர் மன்றத்துக்கே உண்டு. ஆகவே நகர நிர்வாகம் தேவை என்பதை மறுக்க வழியில்லை. ஆனால் ஓடுகள் எந்த வளைவில் ஆளைத் தவறான பக்கம் திருப்புகின்றன என்பதை அவற்றின்மேல் தினமும் நடப்பவரே சொல்ல முடியும். 2014இல் ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்ததும், பிறகு 2016இல் ஆசிரமக் கட்டடம் தேசியப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டதும் இதே பாடத்தைத் தருகின்றன. அந்த இடத்தின் மதிப்பை முதலில் எடுத்துச் சொன்னவர்கள் குடிமக்கள். சட்டம் அவர்களுக்குப் பின்னால் வந்தது.

நூற்றுக்கணக்கான சிறு அமைப்புகளோடு ஒரு பன்னாட்டு வலையமைப்பு எப்படி உறவாடும் என்பது அடுத்த தடை. அயர்லாந்தின் கார்க் நகரம் இதற்கு நடைமுறையில் பதில் காட்டியிருக்கிறது. அங்கே 2004 முதல் நடக்கும் வாழ்நாள் கல்வித் திருவிழாவில் நிகழ்ச்சிகளை நடத்துவோர் ஊரின் சங்கங்களும் நூலகங்களும் கல்லூரிகளுமே, எல்லாம் இலவசம். பின்னர் பாலிஃபீஹேன், நாக்நஹீனி போன்ற வட்டாரங்களைத் தனித்தனியே கற்றல் வட்டாரங்களாக அந்நகரம் ஏற்றுக்கொண்டது. அந்நாட்டின் லிமெரிக் நகரமும் அதுபோன்ற திருவிழாவைத் தொடங்கியது. நகரம் உறுப்பினராக இருக்கட்டும், வட்டாரம் பேசட்டும் என்ற ஏற்பாடு செலவு மிக்கதும் அல்ல. கோலாலம்பூர் அனுப்பும் குழுவில் இரண்டு இடங்களைச் சங்கங்களுக்கு ஒதுக்குவதும், அறிக்கையில் அவர்கள் பகுதியை அவர்களே எழுதுவதும் போதும்.

ஓர் ஊரில் பலித்தது இன்னோர் ஊரில் பலிக்காது என்பாரும் உண்டு. மாற்றம் இல்லாமல் பலிக்காது என்பது உண்மை. தமிழ்ப்பள்ளிகள் மலேசியாவின் தேசியக் கல்வி முறைக்குள் தம்மைப் பொருத்திக்கொண்டுதான் நிலைத்தன. எதை விட்டோம், எதைக் கூட்டினோம், எங்கே பணம் தீர்ந்தது என்ற விவரங்களே மற்றோர் ஊருக்குப் பயன்படுபவை. வெற்றிக் கதைகளை மட்டும் தொகுக்கும் அறிக்கைகளில் முதலில் உதிர்வதும் அவைதாம். 2019இல் மெடலின் மாநாடு எல்லாரையும் உள்ளடக்குவதையே தன் பொருளாக எடுத்துக்கொண்டது. அத்தகைய அரங்கில் பிரிக்பீல்ட்ஸ் பார்வையற்றோர் சங்கத்தின் பயிற்றுநர் ஒருவர் கேட்கக்கூடிய கேள்விகள் மிகவும் துல்லியமானவை: தடம் உணரும் ஓடுகளின்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் எப்படித் தடுத்தீர்கள், பாதையைத் திறப்பதற்கு முன் யாரை நடக்கச் சொல்லிச் சோதித்தீர்கள், நாற்பது வயதில் பார்வை இழந்தவருக்கு எந்தத் தொழிலை முதலில் கற்றுத் தருகிறீர்கள்.