மிதிவண்டியும் டிரெட்மில்லும்: உடல்திறன் அளவீட்டின் வரலாறு

விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளில் உயரமானது ராஜகிரி. ஏறத்தாழ 240 மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 30 நிமிடத்தில் உச்சியை அடைந்தால், தம் எடையை நிமிடத்திற்கு 8 மீட்டர் வீதம் மேலே தூக்கியிருக்கிறார். இது சுமார் 78 வாட் திறன். மலையேற்றத்தில் உடல் செய்யும் இந்த வேலையை ஆய்வகத்துக்குள்ளேயே அளக்க இரண்டு கருவிகள் வந்தன.

ஜெர்மானிய உடலியலாளர் நாதன் சுன்ட்ஸ் 1889இல் டிரெட்மில்லை ஆய்வுக்குப் பயன்படுத்தினார். அதில் முதலில் நடந்தவை குதிரைகள். டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோ 1913இல், காந்த விசையால் மிதிக்குத் தடை தரும் நிலைமிதிவண்டியை விவரித்தார். பின்னாளில் ஐரோப்பா பெரும்பாலும் மிதிவண்டியையும், அமெரிக்கா டிரெட்மில்லையும் பற்றிக்கொண்டன. சுவீடனில் ஆஸ்ட்ரண்டும் ரிமிங்கும் 1954இல், மிதிக்கும்போதுள்ள நாடித்துடிப்பைக் கொண்டே உச்ச ஆக்சிசன் நுகர்வைக் கணிக்கும் வரைபடத்தை வெளியிட்டனர். சியாட்டிலைச் சேர்ந்த இதய மருத்துவர் ராபர்ட் புரூஸின் முறை 1963இல் வெளிவந்தது. நம் மருத்துவமனைகளில் ‘டி.எம்.டி.’ என்று எழுதிக் கொடுக்கப்படும் சோதனையில் பெரிதும் பின்பற்றப்படுவது அதுவே.

புரூஸ் முறையில் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் சரிவும் கூடும். இரண்டாம் கட்டத்தில் வேகம் மணிக்கு 4 கி.மீ., சரிவு 12 விழுக்காடு. கணக்கிட்டால் நிமிடத்திற்கு 8 மீட்டர் ஏற்றம். மேலே சொன்ன ராஜகிரி ஏற்றமும் அதே அளவுதான்!

இரண்டு கருவிகளும் ஒரே விடையைத் தருவதில்லை. ராய் செப்பர்டு குழுவினர் 1968இல் உலக சுகாதார அமைப்பின் இதழில் வெளியிட்ட ஒப்பீட்டில் டிரெட்மில் அதிக ஆக்சிசன் நுகர்வையும், படியேற்றம் அதற்கடுத்தும், மிதிவண்டி குறைவாகவும் காட்டின. காரணம் எளிது. மிதிக்கும்போது தொடைத்தசை முன்கூட்டியே சோர்ந்துவிடுகிறது. இதயமும் நுரையீரலும் தம் எல்லையைத் தொடுமுன்பே கால் நின்றுவிடுகிறது. சைக்கிள் பழகாதவருக்கு இந்த இடைவெளி இன்னும் கூடும். மலையடிவாரத்தில் நடந்தே பழகிய ஒருவரை இருக்கையில் உட்காரவைத்துச் சோதித்து, ‘திறன் குறைவு’ என்று எழுதுவது நியாயமாகாது.

உடல் எடையும் முக்கியம். மிதிவண்டியில் எடையை இருக்கை தாங்குகிறது. 78 வாட் என்பது யாருக்கும் 78 வாட்தான். ராஜகிரியை அதே 30 நிமிடத்தில் ஏற 80 கிலோ எடையுள்ளவருக்கோ ஏறத்தாழ 105 வாட் தேவை.

ஆனாலும் மிதிவண்டியை ஒதுக்க முடியாது. மேலுடல் அதிகம் அசையாததால் இதய மின்வரைபடம் தெளிவாகப் பதியும், இரத்த அழுத்தம் அளப்பதும் எளிது. மூட்டுவலி உள்ளவருக்கும் தள்ளாடி விழக்கூடியவருக்கும் அதுவே பாதுகாப்பு. டிரெட்மில்லிலோ கைப்பிடியை இறுகப் பற்றினால் வேலை குறைந்து, நடந்த நேரத்தைக் கொண்டு கணிக்கும் திறன் உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றும். ஆகவே முன்பு எந்தக் கருவியில் சோதித்தார்களோ, மறுமுறையும் அதிலேயே சோதித்து ஒப்பிட வேண்டும்.