மிக முக்கியமான மாற்றம் (மதிப்பீட்டு முறை)

மக்கள் பங்கேற்புத் திட்டங்களின் விளைவை, முன்கூட்டி வகுத்த குறியீட்டு எண்களால் அளக்காமல், பயனாளிகள் சொல்லும் அனுபவங்களைக் கொண்டு கண்காணிக்கும் முறை. 1990-களின் நடுவில் ரிக் டேவிஸ், வங்கதேசத்தில் சி.சி.டி.பி. என்னும் தொண்டு நிறுவனத்தின் ஊரக வளர்ச்சித் திட்டத்துக்காக இதை உருவாக்கினார். பின்னர் ஜெஸ் டார்ட்டுடன் சேர்ந்து எழுதிய கையேடு 2005-இல் வெளியானது.

களப்பணியாளர் ஊராரிடம் ஒரே கேள்வி கேட்பார்: அண்மைக்காலத்தில் நேர்ந்த மாற்றங்களில் உங்களுக்கு மிக முக்கியமானது எது, ஏன்? மக்களின் வாழ்க்கை, பங்கேற்பு, அவர்களுடைய அமைப்புகளின் நிலைத்தன்மை, பிற மாற்றங்கள் என நான்கு வகைகளில் வங்கதேசத் திட்டத்தில் பதில்கள் கதைகளாகத் திரட்டப்பட்டன. நிறுவனத்தின் ஒவ்வொரு மட்டத்திலும் குழு கூடி விவாதித்து ஒரு கதையைத் தேர்ந்து, காரணத்தையும் எழுதி மேலே அனுப்பும். முறையின் உயிர்நாடி இந்த விவாதம்தான். எதை வெற்றி என்கிறோம் என்பதைப் பணியாளரும் நிதி தருவோரும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதாகிறது. தேர்வின் முடிவு ஊருக்குத் திரும்பிப் போகவேண்டும். அவசரத்தில் பலர் கைவிடும் படி இது. கதைகள் நேரில் சரிபார்க்கப்படுவதும் உண்டு.

நல்ல செய்திகளே மேலே ஏறும் சாய்வு இதன் பெரிய குறை. அதனால் எதிர்மறை மாற்றங்களுக்கென்று தனி வகை வைப்பதுண்டு. எத்தனை பேர் பயனடைந்தனர் என்பதை இம்முறை சொல்லாது. அதற்குக் கணக்கெடுப்பு வேண்டும்.