கல்யாணம் ஆனால் வேலைக்குப் போகலாமா? – ஓர் அமெரிக்கச் சட்டத்தின் கதை

திருமணங்கள் சொர்க்கத்தில் நிச்சயிக்கப்படுகின்றன என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அமெரிக்காவில் வாழும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கே போகிறவர் வேலைக்குப் போகலாமா, கூடாதா என்பது சொர்க்கத்தில் நிச்சயிக்கப்படுவதில்லை. அது வாஷிங்டனில் நிச்சயிக்கப்படுகிறது!

சென்னை விமான நிலையத்தில் இரண்டு புதுப்பெண்கள் ஒரே விமானத்தில் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே கல்லூரியில் பி.இ. படித்தவர்கள். ஒருத்தியின் கணவர் அமெரிக்கக் குடிமகன். இன்னொருத்தியின் கணவர் எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர். முதல் பெண் குடியேற்ற விசாவோடு போகிறாள். இறங்கிய மறுநாளே வேலைக்குப் போகலாம். இரண்டாவது பெண்ணின் பாஸ்போர்ட்டில் இருப்பது எச்-4 விசா. அவள் வேலை செய்ய வேண்டுமானால் கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்ட வேண்டும். அதுவரை வீட்டில்தான்.

படிப்பு ஒன்று, திறமை ஒன்று, தாலியும் ஒன்றுதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? இதற்குப் பதில் தேடினால் 150 ஆண்டுகளுக்கும் மேலே பின்னால் போக வேண்டியிருக்கிறது. அங்கே சட்டம் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது: மனைவி தனி ஆளா, கணவனின் நிழலா?

கணவன் எவ்வழி, மனைவி அவ்வழி

பழைய ஆங்கிலேயச் சட்ட மரபில், கல்யாணம் ஆனபின் கணவனும் மனைவியும் ஒரே ஆள். அந்த ஒரே ஆள் யார் என்றால், கணவன்தான்! அமெரிக்காவும் இந்த மரபைச் சுவீகரித்துக்கொண்டது.

1855-ல் வந்த சட்டப்படி, அமெரிக்கக் குடிமகனை மணந்த வெளிநாட்டுப் பெண் அந்த நிமிடமே குடிமகள் ஆகிவிடுவாள். விண்ணப்பம் இல்லை, சத்தியப்பிரமாணம் இல்லை, காத்திருப்பு இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, அவள் குடியுரிமை பெறத் தகுதியுள்ள இனத்தைச் சேர்ந்தவளாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதற்குப் பொருள் வெள்ளைக்காரப் பெண் என்பதுதான்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாணயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டே! 1907-ல் வந்த சட்டம் அதே தர்க்கத்தைத் திருப்பிப் போட்டது. அமெரிக்காவில் பிறந்த பெண் வெளிநாட்டுக்காரனைக் கட்டிக்கொண்டால் அவள் தன் குடியுரிமையை இழந்துவிடுவாள். சொந்த ஊரில், சொந்த வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக்காரி!

எதெல் மெக்கன்சி என்ற பெண்மணிக்கு இதுதான் நடந்தது. கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்தவர். 1909-ல் கார்டன் மெக்கன்சி என்ற பிரிட்டிஷ் பிரஜையை மணந்தார். 1911-ல் கலிபோர்னியாவில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அந்த உரிமைக்காக உழைத்த எதெல் பெயரைப் பதிவு செய்யப் போனபோது, "நீங்கள் குடிமகளே இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1915 டிசம்பரில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. விளைவு தெரிந்து, விரும்பித்தானே கல்யாணம் செய்துகொண்டீர்கள் என்பதுதான் நீதிமன்றம் சொன்ன காரணத்தின் சாரம்.

அதே 1915-ல் இன்னொரு தீர்ப்பு

எதெல் தீர்ப்புக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, அதே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அரிசோனாவில் ஐந்து பேருக்கு மேல் வைத்து வேலை வாங்கும் முதலாளிகள், ஊழியர்களில் 80 சதவீதம் பேரை வாக்காளர்களாகவோ பிறப்பால் குடிமக்களாகவோ வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1914-ல் ஒரு சட்டம் வந்திருந்தது. பிஸ்பீ என்ற சுரங்க ஊரில் ஓர் உணவகத்தில் சமையல்காரராக இருந்த மைக் ரைக் என்ற ஆஸ்திரியர், தன் வேலை போகப்போகிறது என்று வழக்குப் போட்டார்.

நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. முறையாக நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டவருக்கு உழைத்துச் சாப்பிடும் உரிமை இல்லையென்றால், அவரை அனுமதித்ததற்கே அர்த்தம் இல்லை என்பது தீர்ப்பின் அடிப்படை. "வேலை அனுமதி" என்று தனியாக ஒரு காகிதம் அப்போது கிடையாது. உள்ளே விட்டால் உழைக்கலாம், அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். ஒரே ஆண்டு, ஒரே நீதிமன்றம். வெளிநாட்டுச் சமையல்காரர் தனி மனிதர். அவருக்கு உழைக்க உரிமை உண்டு. உள்நாட்டில் பிறந்த மனைவியோ கணவனின் நிழல்!

நிழல் மெல்ல விலகியது

1920-ல் அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததும் இந்த நிலைமை மாற ஆரம்பித்தது. 1922-ல் வந்த கேபிள் சட்டம் மனைவியின் குடியுரிமையைக் கணவனின் குடியுரிமையிலிருந்து பிரித்தது. அதற்குப் பின் அமெரிக்கரை மணக்கும் வெளிநாட்டுப் பெண் தானாகக் குடிமகள் ஆகமாட்டாள். அவளே விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண்ணும் குடியுரிமையை இழக்கமாட்டாள்.

ஆனால் ஒரு 'ஆனால்' இருந்தது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத இனத்தவரை, அதாவது ஆசியரை, மணந்தால் பழைய தண்டனைதான். 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் சட்டப்படி "வெள்ளையர்" அல்லர், எனவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கத்திலிருந்து போன விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸை மணந்த மேரி என்ற அமெரிக்கப் பெண்மணி இந்த வலையில்தான் சிக்கிக் குடியுரிமையை இழந்தார். இந்தத் தண்டனைப் பிரிவு 1931-ல்தான் நீக்கப்பட்டது. இந்தியர்கள் குடியுரிமை பெறும் வழி 1946-ல் திறந்தது.

இதற்கிடையே 1924-ல் ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை பேர் என்று ஒதுக்கீடு வந்தது. குடிமகனின் மனைவிக்கு அந்த ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு உண்டு. குடிமகளின் கணவனுக்கு? முதலில் இல்லை! கணவன் மனைவியை அழைத்து வருவான், மனைவி எங்கே கணவனை அழைத்து வருவாள் என்பதுதான் சட்டம் எழுதியவர்களின் கணக்கு.

இரண்டாம் உலகப்போர் இந்தக் கதவை அகலமாகத் திறந்தது. வெளிநாடுகளில் போரிட்ட சிப்பாய்கள் அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார்கள். அவர்களின் குடும்பங்களுக்காக 1945 டிசம்பரில் 'போர் மணப்பெண்கள் சட்டம்' வந்தது. 1946 பிப்ரவரியில் எஸ்.எஸ். அர்ஜென்டினா என்ற கப்பல் பிரிட்டிஷ் மணப்பெண்களை ஏற்றிக்கொண்டு நியூயார்க் போய்ச் சேர்ந்தது. மூன்றே ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தச் சட்டத்தின்கீழ் போனார்கள்.

1952-ன் குடியேற்றச் சட்டம் கணவன், மனைவி என்ற பேதத்தை எடுத்துவிட்டு இருவரையும் 'வாழ்க்கைத்துணை' என்றே பார்த்தது. 1965-ன் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறையை ஒழித்தது. குடிமக்களின் வாழ்க்கைத்துணை 'மிக நெருங்கிய உறவு'. அவர்களுக்கு ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பே கிடையாது. இன்றுவரை அதுதான் நிலை. சென்னை விமானத்தில் ஏறிய முதல் பெண்ணின் அதிர்ஷ்டம் இங்கே ஆரம்பிக்கிறது.

1986: வேலைக்கு ஒரு காகிதம்

இங்கேதான் கதையில் திருப்பம். 1986 வரை, அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைப்பது மத்தியச் சட்டப்படி முதலாளிக்குக் குற்றமே இல்லை! அந்த ஆண்டு நவம்பர் 6-ல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் அதைக் குற்றமாக்கியது. அன்று முதல் புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும், அமெரிக்கராகவே இருந்தாலும், ஐ-9 என்ற படிவத்தை நிரப்பி, வேலை செய்யத் தகுதி உண்டு என்று ஆவணம் காட்ட வேண்டும். அப்படிக் காட்ட வெளிநாட்டவருக்கு ஓர் அட்டை தேவைப்பட்டது. 'வேலை அனுமதி அட்டை' பெரிய விஷயமானது இப்படித்தான்.

விசித்திரம் என்னவென்றால், நான்கே நாளில், நவம்பர் 10-ல், இன்னொரு சட்டம் வந்தது. அது போலித் திருமணங்களுக்கு எதிரானது. குடியேற்ற மனுக்களில் 30 சதவீதத் திருமணங்கள் சந்தேகத்துக்குரியவை என்று அதிகாரிகள் நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தார்கள். பின்னாளில் அந்தக் கணக்கு கடும் விமர்சனத்துக்கு ஆளானது. ஆனால் சட்டம் நிலைத்துவிட்டது. கிரீன் கார்டு கிடைக்கும்போது கல்யாணமாகி இரண்டு ஆண்டு நிறையவில்லை என்றால், அந்த அட்டை இரண்டு ஆண்டுக்கு மட்டுமே. அது முடியுமுன் 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து மறுபடி மனுப் போட வேண்டும். குடியேற்றச் சட்டத்தை ஏய்ப்பதற்காகவே கல்யாணம் செய்தால் ஐந்து ஆண்டுவரை சிறை, இரண்டரை லட்சம் டாலர்வரை அபராதம்!

ஏற்கனவே மாணவராகவோ வேறு விதமாகவோ அமெரிக்காவில் முறையாக இருப்பவர் ஒரு குடிமகனை மணந்தால் என்ன செய்கிறார்? கணவர் ஐ-130 என்ற உறவு மனுவைப் போடுகிறார். மனைவி கிரீன் கார்டுக்கு ஐ-485, வேலை அனுமதிக்கு ஐ-765 இரண்டையும் கூடவே போடலாம். கிரீன் கார்டு வரும்முன் வேலை அட்டை வந்துவிட்டால், அதை வைத்து வேலைக்குச் சேரலாம். அதில் சி09 என்ற எண் இருக்கும். நேர்காணலில் கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், கல்யாண ஆல்பம் எல்லாம் பார்ப்பார்கள். கணவர் குடிமகனாக இல்லாமல் கிரீன் கார்டு வைத்திருப்பவராக இருந்தால், ஆண்டு வரம்பும் வரிசையும் உண்டு.

தன்பால் தம்பதிகளுக்கு இந்த வழி 2013 வரை மூடியே இருந்தது. அந்த ஆண்டு ஜூன் 26-ல் வின்ட்சர் வழக்கின் தீர்ப்பு வந்த பிறகுதான் மத்திய அரசு அவர்களின் மனுக்களையும் ஏற்கத் தொடங்கியது.

பிடி யார் கையில்?

மனுப் போடுவது கணவர். இரண்டு ஆண்டு கழித்துக் கூடவே கையெழுத்துப் போட வேண்டியதும் கணவர். அந்தக் கணவர் அடிக்கிறவராக இருந்தால்? "போலீசுக்குப் போனால் உன் பேப்பரைக் கிழித்துவிடுவேன்" என்ற ஒரு மிரட்டல் போதுமே!

1986-ன் சட்டம் இதைச் சரியாக யோசிக்கவில்லை. 1990-ல், கொடுமைக்கு ஆளான துணை கணவரின் கையெழுத்து இல்லாமலே நிபந்தனையை நீக்கக் கேட்கலாம் என்று திருத்தினார்கள். 1994-ல் பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அவளே தனக்காக மனுப் போட வழி செய்தது. பெயரில் பெண்கள் என்று இருந்தாலும் ஆண்களும் இதைப் பயன்படுத்தலாம்.

எச்-4 போன்ற விசாவில் இருந்த பெண்களுக்கு? கொடுமைக்கு ஆளானவர்களுக்கு வேலை அனுமதி தரலாம் என்ற சட்டம் 2006 ஜனவரியில் கையெழுத்தானது. அதற்கான விண்ணப்பங்களை வாங்க ஆரம்பித்தது 2017 பிப்ரவரியில். பதினோரு ஆண்டுகள்!

இரண்டாவது பெண்ணின் கதை

எச்-1பி விசா 1990-ல் உருவானது. தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பொறியாளர்கள் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். 'மாப்பிள்ளை அமெரிக்காவில்' என்பது கல்யாணச் சந்தையில் தனி மதிப்பு பெற்றது. கூடப் போன மனைவிகளில் பொறியாளர்கள், மருத்துவர்கள், ஆசிரியைகள் உண்டு. சட்டத்தின் பார்வையில் எல்லோரும் 'சார்ந்திருப்பவர்'.

2002 ஜனவரியில் எல், இ விசாக்காரர்களின் துணைகளுக்கு வேலை உரிமை வந்தது. எச் மட்டும் விடுபட்டது. இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசையோ, எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பால் ஆண்டுக்கணக்கில் நீண்டது. கணவர் வரிசையில் நிற்க, மனைவியின் பட்டம் பெட்டியில் தூங்கியது.

2015 மே 26-ல்தான் விடிவு வந்தது. கணவரின் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தாலோ, கிரீன் கார்டு நடைமுறையை வைத்து அவருக்கு ஆறு ஆண்டுக்கு மேல் நீட்டிப்புக் கிடைத்திருந்தாலோ, எச்-4 துணை வேலை அனுமதி கேட்கலாம். முதலாண்டில் 1,79,600 பேர்வரை தகுதி பெறுவார்கள் என்று அரசு கணித்தது. பலன் பெற்றவர்களில் பெரும்பாலோர் இந்தியப் பெண்கள்.

விதி அமலுக்கு வரும் முன்பே வழக்கும் வந்துவிட்டது. எச்-1பி ஆட்களால் தங்கள் வேலை போனது என்று சொன்ன அமெரிக்க ஊழியர்கள் 'சேவ் ஜாப்ஸ் யுஎஸ்ஏ' என்ற பெயரில் வழக்குப் போட்டார்கள். வேலை இழந்தவர்களின் வருத்தமும் நிஜம்தான், ஒதுக்கிவிட முடியாது. 2018-ல் அரசே விதியை விலக்கிக்கொள்ளப் போவதாகச் சொல்லி, 2021-ல் அந்த எண்ணத்தைக் கைவிட்டது. 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. பத்து ஆண்டுகள் அந்தப் பெண்கள் ஒவ்வொரு செய்திக்கும் பயந்துகொண்டே வேலைக்குப் போய்வந்தார்கள்.

ஆக...

1855-ல் கல்யாணம் ஒரு பெண்ணுக்கு எல்லாவற்றையும் கொடுத்தது. 1907-ல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அவளைத் தனி ஆளாகப் பார்க்காதது. பிறகு வந்த ஒவ்வொரு சட்டமும் அந்த நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கியது.

முழுசாகப் போய்விட்டதா? குடிமகனை மணந்த முதல் பெண் கிரீன் கார்டு வாங்கியபின், கணவருக்கு வேலை போனாலும் அவள் வேலைக்கு ஆபத்தில்லை. எச்-4 பெண்ணின் வேலை அட்டையில் இருப்பது அவள் பெயர், அவள் படம்தான். ஆனால் கணவருக்கு வேலை போய், அதிகபட்சம் 60 நாள் அவகாசத்தில் வேறு வழி கிடைக்காவிட்டால், அவள் தன் அலுவலகத்தில் எவ்வளவு நன்றாக உழைத்திருந்தாலும் அந்த அட்டைக்கு மதிப்பில்லை.

எதெல் மெக்கன்சி இன்று இருந்திருந்தால், முதல் பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார். இரண்டாவது பெண்ணின் கதையைக் கேட்டால், எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதே என்றுதான் சொல்லியிருப்பார்.