சான்றொப்பம் (புதுச்சேரி)

ஓர் ஆவணமோ கூற்றோ மெய்தான் என்று அதற்குரிய தகுதி படைத்தவர் கையெழுத்தும் முத்திரையும் வைத்து உறுதிசெய்வது சான்றொப்பம். பேச்சுவழக்கில் ‘அட்டெஸ்டேஷன்’. தமிழ்நாட்டுக்கு இந்த நடைமுறை ஆங்கிலேயர் சட்டங்களோடு வந்தது. புதுச்சேரிக்கு வந்த வழி வேறு. பிரெஞ்சு ஆட்சியின் தடம் அதில் இன்றும் அழியவில்லை.

இவ்வூர் வரலாற்றில் சான்றொப்பம் சந்தி சிரித்தது 1716-இல். பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்ப பிள்ளையை ஆளுநர் எபேர் சிறையில் அடைத்தார். சாட்சிகள் தமிழில் சொன்னது போர்த்துக்கீசியத்துக்குப் பெயர்ந்து, அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போனது. பிரெஞ்சு அறியாத நைனியப்பர், பிரெஞ்சில் எழுதிய விசாரணைத் தாளின் அடியில் தமிழில் கையெழுத்திட்டார். கையெழுத்து மெய், அதற்கு மேலே எழுதியிருந்தது மெய்யா என்பதுதான் பின்னாளில் வழக்கானது. 50 கசையடியும் 3 ஆண்டுச் சிறையும் விதித்தார்கள், சொத்தும் பறிபோனது. 1717-இல் அவர் சிறையிலேயே இறந்தார். மகன் குருவப்பர் கடல் கடந்து பிரான்சுக்கே போய் முறையிட்டார். தீர்ப்பு ரத்து செய்யப்பட்டபோது, குற்றமற்றவர் என்று பெயர் பெற நைனியப்பர் உயிரோடு இல்லை.

உள்ளூர் மக்களின் சிவில் வழக்குகளைச் சாவடி நீதிமன்றம் பார்த்தது. அதன் 1766 முதல் 1817 வரையிலான தீர்ப்புகள் பின்னர் நூலாகத் தொகுக்கப்பட்டன. நீதிமன்றத்துக்கு வராத வழக்குகளுக்குப் பஞ்சாயத்து இருந்தது. மாசி மகத் தீர்த்தவாரிக்குப் பேர்போன வைத்திக்குப்பத்தைப் போன்ற மீனவக் குப்பங்களில் வலை அறுந்தாலும் கடன் மறுக்கப்பட்டாலும் ஊர்ப் பஞ்சாயத்துதான் முதலில் கூடும். அங்கே முத்திரை கிடையாது. கோயில் வாசலில் கற்பூரம் அடித்துச் செய்யும் சத்தியம் முத்திரைக்கு நிகர். பொய்ச் சத்தியத்துக்குத் தண்டனை தருவது தெய்வம் என்பதால் மேல்முறையீட்டுக்கும் இடமில்லை.

பிரெஞ்சு முறையின் நடுநாயகம் நொத்தேர். இந்திய நோட்டரி, வக்கீல் நீட்டிய தாளில் முத்திரை குத்துவதோடு ஒதுங்கிக்கொள்வார். நொத்தேர் ஆவணத்தைத் தாமே எழுதுவார், மூலத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்வார், கட்சிக்காரருக்குப் படிதான் கொடுப்பார். அவர் எழுதியதைப் பொய் என்று சொல்பவர் தனியாக வழக்காடித்தான் அதை நிறுவ வேண்டும். இலங்கையின் நொத்தாரிசும் ஏறத்தாழ இந்தக் குடும்பம்தான். குடிமைப் பதிவும் பிரெஞ்சு வழியில்தான் வந்தது. 1880-இல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு உள்ளூர் மக்களுக்கும் கட்டாயமானது. அடுத்த ஆண்டே, தம் சாதி, சமயச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்போர் புதிய குடும்பப் பெயரோடு பதிவுசெய்துகொள்ளலாம் என்றானது.

1911-இல் வந்த ஒரு விதி வேடிக்கையானது. பிரெஞ்சு எல்லைக்குள் தங்கும் அந்நியர்கள் போலீசில் பதிய வேண்டும். ஊரில் மதிப்புள்ள ஐந்து பேர் அவர்களுக்கு நன்னடத்தைச் சான்று தர வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சியிடமிருந்து தப்பி வந்திருந்த அரவிந்தர், பாரதி போன்றோருக்கு வைத்த கண்ணிதான் இது. ஆங்கிலேயரின் கோபத்துக்கு ஆளாக யார் முன்வருவார் என்பது கணக்கு. கணக்குத் தப்பியது. 1910-இல் அரவிந்தருக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்த கலவை சங்கர செட்டியாரே அலைந்து ஐந்து கையொப்பங்களையும் திரட்டிவிட்டார். புதுச்சேரியில் போடப்பட்ட சான்றொப்பங்களில் நெஞ்சுரம் மிக்கவை இந்த ஐந்தும் என்று தயங்காமல் சொல்லலாம்.

1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவுக்குக் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நடந்தது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றது இரு நாட்டு ஒப்பந்தம். அப்படித் தாத்தா எழுதிக்கொடுத்த ஒற்றைத் தாள் இன்று பேரப்பிள்ளைகளின் கடவுச்சீட்டுக்கே அடிப்படை. பிறப்புச் சான்றில் ஓர் எழுத்து மாறினாலும் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் கேள்வி எழும்.

1968-இல் இந்தியச் சட்டங்கள் பல புதுச்சேரிக்கும் நீட்டிக்கப்பட்டன. பிறகென்ன, கெஜட்டட் ஆபீசரின் பச்சை மைக்காக ஜெராக்ஸ் கட்டோடு வாசலில் காத்திருக்கும் அனுபவம் இவ்வூருக்கும் வந்தது. முகமே தெரியாத பையனின் மதிப்பெண் பட்டியலுக்கு அந்த அதிகாரி எப்படி உறுதிசொல்வார் என்று யாரும் கேட்கவில்லை. 2014 வாக்கில் மத்திய அரசு சுய சான்றொப்பத்தை ஊக்குவித்த பிறகே அந்தக் காத்திருப்பு குறைந்தது. அசலைச் சரிபார்ப்பது கடைசிக் கட்டத்துக்குப் போனது.

பிரான்சுக்குப் போகும் சான்றிதழ்களில் இப்போது வெளியுறவு அமைச்சகத்தின் ‘அபோஸ்டில்’ வில்லை ஒட்டப்படுகிறது. 1961-இல் உருவான ஹேக் உடன்படிக்கையின் இந்த ஏற்பாடு இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் நடப்பில் உள்ளது. கையெழுத்தும் முத்திரையும் அசல் என்பதற்கு மட்டுமே வில்லை பொறுப்பு. உள்ளே எழுதியிருப்பதற்கு அல்ல.

மீனவக் குப்பங்களிலோ மெய்ப்பிப்பு வேறு வடிவம் எடுத்திருக்கிறது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் கடலோர மீனவர்களுக்குக் கைரேகை பதித்த அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. கடலில் ரோந்துப் படகு மறித்தால் காட்டுவதற்கு அந்த அட்டை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் நிவாரணம் வாங்க, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அதற்கு ரேஷன் கார்டு, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒத்துப்போனால்தான் சிக்கல் வராது.