அணு ஆயுதமற்ற நாடுகளுக்கான பாதுகாப்பு உறுதிமொழிகள்

அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடுகள் அது இல்லாத நாடுகளுக்குக் கொடுத்துவரும் வாக்குறுதிகள் பன்னாட்டு அரசியலில் பாதுகாப்பு உறுதிமொழிகள் எனப்படுகின்றன. இவை இரு வகை. "உன் மீது அணுகுண்டு வீசமாட்டேன், வீசுவேன் என்று மிரட்டவும் மாட்டேன்" என்பது எதிர்மறை உறுதிமொழி. "வேறு யாராவது உன்னை அணுகுண்டால் தாக்கினாலோ மிரட்டினாலோ துணைக்கு வருவேன்" என்பது நேர்மறை உறுதிமொழி. ராணுவக் கூட்டணியில் சேர்ந்த நாடுகளுக்கு மட்டும் கிடைக்கும் அணுக்குடை இவ்விரண்டிலும் சேராது. அதன் விதிகள் வேறு.

இந்த வாக்குறுதிகளுக்கான தேவை அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தோடு பிறந்தது. 1968 ஜூலை 1 அன்று கையெழுத்துக்குத் திறந்துவைக்கப்பட்டு, 1970 மார்ச் 5 அன்று நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தம், 1967 ஜனவரி 1க்கு முன் அணுகுண்டை வெடித்துப் பார்த்த அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்தை மட்டுமே அணு ஆயுத நாடுகளாக ஏற்கிறது. மற்ற உறுப்பு நாடுகள் அணு ஆயுதத்தைச் செய்யவும் கூடாது, பிறரிடமிருந்து பெறவும் கூடாது. பதிலுக்கு, அமைதிப் பணிகளுக்கான அணுசக்தி நுட்பம் கிடைக்கும். ஐந்து நாடுகளும் ஆயுதக் குறைப்புக்காக நல்லெண்ணத்தோடு பேசும். ஆயுதத்தைத் துறந்த நாட்டை யார் காப்பது என்ற கேள்விக்கு மட்டும் ஒப்பந்தத்தில் ஒரு வரி விடை கிடையாது. அந்த விடையை ஒப்பந்தத்துக்கு வெளியே தேடி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது.

இந்தியா கேட்டதும் கிடைத்ததும்

இந்தக் கேள்வியை முதலில் அழுத்தமாகக் கேட்ட நாடுகளில் ஒன்று இந்தியா. 1964 அக்டோபர் 16 அன்று சீனா லோப் நோரில் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. 1962 எல்லைப் போர் முடிந்து அப்போது இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. அணு ஆயுதத்தை நாடாத நாடுகளுக்கு அணு மிரட்டல் வந்தால் அமெரிக்கா வலுவாகத் துணைநிற்கும் என்று அதிபர் லிண்டன் ஜான்சன் இரண்டே நாளில் அறிவித்தார். அந்த அறிவிப்பு எந்த நாட்டின் பெயரையும் சொல்லவில்லை. எதற்கும் அமெரிக்காவைக் கட்டுப்படுத்தவும் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் சென்ற பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, அணு ஆயுதமில்லாத நாடுகளுக்கு வல்லரசுகள் உறுதி தர வேண்டும் என்ற பேச்சை பிரிட்டன் பிரதமர் ஹரால்ட் வில்சனிடம் எடுத்தார். இந்திரா காந்தி ஆட்சியில், 1967இல், பிரதமரின் செயலாளர் எல்.கே. ஜாவும் அணுசக்தி ஆணையத் தலைவர் விக்ரம் சாராபாயும் மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் நேரில் சென்றார்கள்.

கூட்டணி எதிலும் சேராமலே இரு வல்லரசுகளின் உறுதியையும் ஒருசேரப் பெற முடியுமா என்பதே அவர்கள் பார்க்கப் போன விஷயம். பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அது பெரிய கேட்பு. தன் நகரங்களைப் பணயம் வைத்து இன்னொரு நாட்டைக் காப்பேன் என்று எழுத்தில் தர எந்த வல்லரசும் தயாராக இல்லை. தூதுவர்கள் கையில் உருப்படியாக எதுவும் இல்லாமலே திரும்பினார்கள்.

1968 ஜூன் 19 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 255ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்த தீர்மானம் அது. ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு அணு ஆயுதத் தாக்குதலுக்கோ மிரட்டலுக்கோ ஆளானால் பாதுகாப்புச் சபை, குறிப்பாக அதன் அணு ஆயுத நிரந்தர உறுப்பினர்கள், உடனே செயல்பட வேண்டியிருக்கும் என்று அது சொல்கிறது. ஆதரவாகப் பத்து வாக்குகள், எதிர்ப்பு இல்லை. இந்தியா, பாகிஸ்தான், பிரான்ஸ், பிரேசில், அல்ஜீரியா ஆகிய ஐந்தும் வாக்களிக்கவில்லை.

அப்போது ஐ.நா.வில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்தவர் சென்னைக்காரரான ஜி. பார்த்தசாரதி. ஆக்கிரமிப்புக்கு ஆளாகும் எந்த உறுப்பு நாட்டுக்கும் துணைநிற்கும் கடமை பாதுகாப்புச் சபைக்கு ஐ.நா. சாசனப்படியே இருக்கிறது, ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் காப்போம் என்று அதற்கு நிபந்தனை போடுவது சாசனத்துக்கே முரண் என்பது இந்தியாவின் வாதம். அந்த வாதம் இன்றும் வலுவாகவே நிற்கிறது. 255ஆம் தீர்மானத்தின் ஓட்டைகள் அதோடு முடியவில்லை. தாக்கியது நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் என்றால், அவரே வீட்டோவைப் போட்டுச் சபையை முடக்கிவிடலாம். இந்தியா யாரை நினைத்து அஞ்சியதோ அந்த பெய்ஜிங் அரசு அன்று சபையிலேயே இல்லை. சீனாவின் இருக்கை தைவான் அரசிடம் இருந்தது.

இந்தியா பரவல் தடை ஒப்பந்தத்தில் சேரவில்லை. 1974 மே 18 அன்று பொக்ரானில் அணு வெடிப்புச் சோதனை நடத்தியது. அதற்கு விஞ்ஞானிகளின் முனைப்பு, உள்நாட்டு அரசியல், 1971 போர் என்று காரணங்கள் பல. கேட்ட உறுதி கிடைக்காமல் போனதையும் அந்தப் பட்டியலிலிருந்து விலக்க முடியாது.

அறிவிப்புகளும் விதிவிலக்குகளும்

எதிர்மறை உறுதிமொழிகள் 1978இல், ஆயுதக் குறைப்புக்கான ஐ.நா. பொதுச்சபையின் முதல் சிறப்புக் கூட்டத்தை ஒட்டி உருப்பெற்றன. வல்லரசுகள் தனித்தனியே அறிவிப்பு வெளியிட்டன. சீனாவின் அறிவிப்பு மட்டுமே நிபந்தனையற்றது: எந்தச் சூழலிலும் அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை, அது இல்லாத நாடுகள் மீது பயன்படுத்துவதே இல்லை என்று 1964 முதல் அது சொல்லிவருகிறது. அமெரிக்காவும் பிரிட்டனும் ஒரு விதிவிலக்கு வைத்துக்கொண்டன. அணு ஆயுத நாடு ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து எங்களையோ எங்கள் நட்பு நாடுகளையோ தாக்கும் நாட்டுக்கு இந்த உறுதி செல்லாது என்பது அது. வார்சா ஒப்பந்த நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவு. சோவியத் ஒன்றியம் 1982இல் முதலில் பயன்படுத்துவதில்லை என்று உறுதி கூறியது. 1993இல் ரஷ்யா அதைக் கைவிட்டது. யாரையும் கேட்காமல் கொடுத்ததை யாரையும் கேட்காமலே திரும்பப் பெறலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1995இல் பரவல் தடை ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நீட்டிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அணு ஆயுதமற்ற நாடுகளின் சம்மதம் அப்போது ஐந்து வல்லரசுகளுக்கும் தேவைப்பட்டது. அந்த ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஐந்தும் தங்கள் உறுதிமொழிகளைப் புதுப்பித்து அறிவித்தன. ஏப்ரல் 11 அன்று பாதுகாப்புச் சபை 984ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அணு ஆயுதத் தாக்குதலுக்கு ஆளான நாட்டுக்கு மருத்துவ, தொழில்நுட்ப, மனிதாபிமான உதவிகள், தாக்கிய நாட்டிடமிருந்து இழப்பீடு என்று அது 255ஐவிட விரிவாகப் பேசுகிறது. வல்லரசுகளின் அறிவிப்புகளை அது கவனத்தில் கொள்வதாக மட்டும் சொல்லி நின்றுவிட்டது, அவற்றைச் சட்டமாக்கவில்லை. ஒரு மாதத்தில், மே 11 அன்று, ஒப்பந்தம் நிரந்தரமாக நீட்டிக்கப்பட்டது. பேரம் பேசும் வலுவை அணு ஆயுதமற்ற நாடுகள் அன்றோடு இழந்தன என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1996 ஜூலை 8 அன்று, ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தை வழங்கியது. அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவதும் பயன்படுத்துவதாக மிரட்டுவதும் பொதுவாகப் போர்ச் சட்டங்களுக்கு முரணானவை என்றது. ஒரு நாட்டின் இருப்பே கேள்விக்குறியாகும் தற்காப்புச் சூழலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் உறுதியாகக் கூற முடியவில்லை என்று விட்டுவிட்டது.

உக்ரைன்: புடாபெஸ்ட் ஆவணம்

1991இல் சோவியத் ஒன்றியம் சிதறியபோது உக்ரைன் மண்ணில் சுமார் 1,900 நெடுந்தொலைவு அணுகுண்டு முனைகள், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் 176 ஏவுகணைகள், அவற்றோடு குண்டுவீச்சு விமானங்களும் இருந்தன. அளவில் உலகின் மூன்றாவது பெரிய அணு ஆயுதக் கிடங்கு. ஏவுவதற்கான கட்டுப்பாடு மாஸ்கோவிடமே இருந்தது. குண்டுமுனைகளைப் பராமரிக்கவும் புதிதாகச் செய்யவும் தேவையான தொழிற்சாலைகளும் ரஷ்யாவில்தான். உக்ரைன் தயாராக இருந்த ஆயுதத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டது என்று இன்று சொல்லப்படுவது இந்த வகையில் மிகைக் கூற்று. ஆயினும், நாளடைவில் சொந்த ஆயுதமாக மாற்றியிருக்கக்கூடிய ஒரு பெரும் இருப்பை அது விட்டுக்கொடுத்தது உண்மை.

விலை மூன்று பங்காக அமைந்தது. குண்டுமுனைகளில் இருந்த யுரேனியத்துக்கு ஈடாக உக்ரைனின் அணுமின் நிலையங்களுக்கு எரிபொருள், ஏவுகணைகளைப் பிரித்தழிக்க அமெரிக்க நிதி, பாதுகாப்பு உறுதிமொழி. முதல் இரண்டும் 1994 ஜனவரியில் மாஸ்கோவில் கையெழுத்தான முத்தரப்பு அறிக்கையில் முடிவாயின. மூன்றாவது, 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்ட்டில் எழுத்து வடிவம் பெற்றது. அமெரிக்க அதிபர் பில் கிளின்டன், ரஷ்ய அதிபர் போரிஸ் யெல்ட்சின், பிரிட்டன் பிரதமர் ஜான் மேஜர், உக்ரைன் அதிபர் லியோனித் குச்மா ஆகியோர் கையெழுத்திட்டார்கள். இதே மாதிரியான ஆவணங்கள் பெலாரசுக்கும் கஜகஸ்தானுக்கும் தரப்பட்டன. சீனாவும் பிரான்சும் தனித்தனியே அறிக்கை கொடுத்தன.

புடாபெஸ்ட் ஆவணம் மிகச் சிறியது. உக்ரைனின் சுதந்திரத்தையும் அப்போதிருந்த எல்லைகளையும் மதிப்போம். அதன் மீது படைபலத்தைப் பயன்படுத்தமாட்டோம், மிரட்டமாட்டோம். பொருளாதார நெருக்கடி கொடுத்துப் பணியவைக்கமாட்டோம். அணு ஆயுதத்தால் தாக்கப்பட்டாலோ மிரட்டப்பட்டாலோ பாதுகாப்புச் சபையின் உடனடி நடவடிக்கையைக் கோருவோம். நாங்களும் அணு ஆயுதம் பயன்படுத்தமாட்டோம். இந்த வாக்குறுதிகள் பற்றிக் கேள்வி எழுந்தால் கலந்து பேசுவோம். இவ்வளவுதான். ஒருவர் வாக்கு மீறினால் மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, கலந்து பேசுவதைத் தாண்டி எதுவும் இல்லை. அது தவறி விடுபட்டதல்ல. நேட்டோ உறுப்பு நாட்டுக்குத் தரும் ராணுவப் பொறுப்பை உக்ரைனுக்கு ஏற்க வாஷிங்டன் விரும்பவில்லை, அது கீவ் அரசுக்கும் தெரியும்.

1996 ஜூன் 1 அன்று கடைசிக் குண்டுமுனைகள் உக்ரைனை விட்டு வெளியேறிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மூன்று நாள் கழித்து பெர்வோமைஸ்க் ஏவுகணைத் தளத்தில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரி, ரஷ்யாவின் பாவெல் கிராச்சேவ், உக்ரைனின் வலேரி ஷ்மாரோவ் மூவரும் சேர்ந்து சூரியகாந்திச் செடிகளை நட்டார்கள்.

2014இல் ரஷ்யப் படைகள் கிரிமியாவைக் கைப்பற்றின. ஆவணம் சொல்லும் கலந்தாய்வை உக்ரைன் கோரியது. மார்ச் மாதம் பாரிசில் அதற்கு ஏற்பாடானபோது ரஷ்ய வெளியுறவு அமைச்சர் செர்கேய் லாவ்ரோவ் வந்து அமரவில்லை. பாதுகாப்புச் சபையில் மார்ச் 15 அன்று பதின்மூன்று நாடுகள் ஆதரித்த தீர்மானத்தை ரஷ்யா வீட்டோவால் வீழ்த்தியது. வேலியே பயிரை மேய்ந்த கதை இது. அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவதில்லை என்பது மட்டுமே நாங்கள் ஏற்ற கடமை, அதை மீறவில்லை என்று மாஸ்கோ வாதிட்டது. எல்லைகளை மதிப்போம் என்று அதே தாளில் முதலிலேயே எழுதியிருக்கும்போது அந்த வாதத்தை ஏற்க இடமில்லை. 2022 பிப்ரவரி 19 அன்று மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் அதிபர் வொலொதிமிர் ஜெலென்ஸ்கி மீண்டும் புடாபெஸ்ட் ஆவணத்தைச் சுட்டிக் கலந்தாய்வு கேட்டார். ஐந்தாம் நாள் முழு அளவிலான படையெடுப்பு தொடங்கியது. மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் அதைக் கண்டித்தன. இந்தியா உள்பட 35 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன.

அமெரிக்காவும் பிரிட்டனும் உக்ரைனுக்குப் பெருமளவு ஆயுதமும் பணமும் கொடுத்தன. அது அந்தந்த அரசுகளின் கொள்கை முடிவு. ஆட்சி மாறினால் அளவும் மாறும் என்பதை உக்ரைன் மக்கள் தங்கள் உயிரைக் கொடுத்து அறிந்துகொண்டிருக்கிறார்கள். பின்லாந்தும் ஸ்வீடனும் பல பத்தாண்டு நடுநிலையைக் கைவிட்டு 2023 ஏப்ரலிலும் 2024 மார்ச்சிலும் நேட்டோவில் சேர்ந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அணு ஆயுதமற்ற மண்டலங்கள்

சட்டப்படி கட்டுப்படுத்தும் எதிர்மறை உறுதிமொழி ஒரே ஒரு வழியில்தான் பரவலாகக் கிடைத்திருக்கிறது. ஒரு பிராந்தியத்தின் நாடுகள் கூடித் தங்கள் பகுதியை அணு ஆயுதமற்ற மண்டலமாக அறிவிக்கின்றன. அந்த ஒப்பந்தத்தின் இணைப்பில் கையெழுத்திட்டு ஏற்பிசைவு தரும் வல்லரசு, அந்நாடுகள் மீது அணு ஆயுதம் பயன்படுத்துவதில்லை என்று சட்டப்படி கட்டுப்படுகிறது. 1967இல் மெக்சிகோவின் டிலாட்டிலோல்கோவில் கையெழுத்தான லத்தீன் அமெரிக்க ஒப்பந்தம் இதில் முன்னோடி. அதன் இணைப்பை ஐந்து வல்லரசுகளும் 1979க்குள் ஏற்றுவிட்டன. தென் பசிபிக்குக்கு ராரோடோங்கா, ஆப்பிரிக்காவுக்கு பெலிண்டாபா, மத்திய ஆசியாவுக்கு செமிபலாட்டின்ஸ்க் என்று பிறகு வந்த ஒப்பந்தங்களின் இணைப்புகளில் அமெரிக்கா கையெழுத்திட்டும் செனட்டின் ஒப்புதல் கிடைக்கவில்லை. தென்கிழக்காசியாவின் 1995ஆம் ஆண்டு பாங்காக் ஒப்பந்தம் உறுப்பு நாடுகளின் பிரத்தியேகப் பொருளாதாரக் கடல் மண்டலங்களையும் சேர்த்துக்கொள்கிறது. தங்கள் போர்க்கப்பல்களின் போக்குவரத்துக்கு அது தடையாகும் என்று வல்லரசுகள் தயங்கியதால், முப்பது ஆண்டுக்காலம் அதன் இணைப்பு கையெழுத்துக்குக் காத்துக்கிடந்தது.

இன்றைய நிலை

அமெரிக்கா 2010இல் தன் பழைய விதிவிலக்கை விட்டு, பரவல் தடை ஒப்பந்தத்தை ஒழுங்காகப் பின்பற்றும் எந்த அணு ஆயுதமற்ற நாட்டின் மீதும் அணு ஆயுதம் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தது. ரஷ்யா எதிர்த்திசையில் நகர்ந்தது. 2024 நவம்பரில் திருத்தப்பட்ட அதன் கோட்பாடு, அணு ஆயுத நாட்டின் ஆதரவோடு அணு ஆயுதமற்ற நாடு தொடுக்கும் தாக்குதலை இருவரின் கூட்டுத் தாக்குதலாகவே கருதுகிறது. பரவல் தடை ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கும் இந்தியா, அணு ஆயுதமற்ற நாடுகள் மீது அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2003 ஜனவரியில் அறிவித்தது. உயிரியல் அல்லது ரசாயன ஆயுதத் தாக்குதல் நடந்தால் மட்டும் விதிவிலக்கு.

பொதுவான, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கை வேண்டும் என்ற கோரிக்கை 1979 முதல் ஜெனீவாவின் ஆயுதக் குறைப்பு மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அங்கே 65 நாடுகளும் ஒருமித்தால்தான் எதுவும் நகரும். அறிவிப்புகளே போதும் என்பது மேற்கு வல்லரசுகளின் நிலைப்பாடு. கிரிமியாவுக்குப் பிறகும் அப்படிச் சொல்வது நியாயமாகப் படவில்லை. ஆயுதத்தைத் துறந்த நாடுகள் புதிதாக எதையும் கேட்கவில்லை. லத்தீன் அமெரிக்காவுக்கு ஐந்து வல்லரசுகளும் சட்டமாகத் தந்ததைத்தான் எல்லோருக்கும் தரச் சொல்கின்றன. அந்த உடன்படிக்கை இன்னும் எழுதப்படவில்லை.